நாக்கில் கொதித்த எச்சில்

அன்பு மாணவர்களே,

படங்களில் பார்த்திருப்பீர்கள். விண்கலத்துக்கு வெளியே உடையில்லாமல் சிக்கியவர் பலூன் மாதிரி ஊதி வெடிப்பார். இல்லையென்றால் கண்மூடித் திறப்பதற்குள் பனிக்கட்டியாய் உறைந்துபோவார். இரண்டுமே நடக்காது. என்ன நடக்கும் என்பதை ஒருவர் அனுபவித்தே சொல்லியிருக்கிறார்.

1966 டிசம்பர் 14. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், நாசாவின் வெற்றிட அறைக்குள் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தார் ஜிம் லெப்ளாங்க். உடைக்கு அழுத்தம் தரும் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடிகள்தான் நினைவு இருந்தது. அப்படியே பின்னால் சரிந்தார். அவசரமாக அறைக்குள் காற்றை நிரப்பினார்கள், பிழைத்துவிட்டார். மயங்குமுன் அவர் கடைசியாக உணர்ந்தது என்ன தெரியுமா? நாக்கில் எச்சில் கொதித்துக் குமிழியிட்டதை!

அடுப்பில்லாமல் எப்படிக் கொதிக்கும்? வீட்டுக் குக்கரை நினைத்துப் பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கிறது. அழுத்தம் குறைந்தால் நேர்மாறு. சுமார் 19 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல், நம் உடம்புச் சூடான 37 டிகிரியே தண்ணீர் கொதிக்கப் போதும். ரத்தக் குழாய்ச் சுவர்கள் இறுக்கிப் பிடித்திருப்பதால் ரத்தம் அப்படிக் கொதிப்பதில்லை. தசையிலுள்ள நீர் ஆவியாகி உடம்பு வீங்கும். ஆனால் நம் தோல் கெட்டி, கிழியாது. 1960-ல் 31 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்த அமெரிக்க விமானப்படை வீரர் ஜோசப் கிட்டிங்கரின் வலது கையுறையில் அழுத்தம் போய், கை பொதபொதவென்று வீங்கியது. தரையிறங்கிய சில மணி நேரத்தில் வற்றிவிட்டது.

உறைவதும் உடனே நடக்காது. பிளாஸ்க்கில் காபி ஆறாமல் இருப்பதே சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்தால்தானே!

உயிரைப் பறிப்பது மூச்சுதான். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். விட்டுவிட்டாலோ, ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் நுரையீரல் வழியே வெளியேறிவிடும். அந்த ரத்தம் மூளையை எட்டியதும் நினைவு தப்பும்.

1971 ஜூன் 30. சோவியத் விண்வெளி நிலையமான சல்யூட்டிலிருந்து தோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் மூவரும் சோயூஸ் 11 விண்கலத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சுமார் 168 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வால்வு தானாகத் திறந்துகொண்டு, கலத்திலிருந்த காற்று வெளியேறத் தொடங்கியது. அதைக் கையால் மூட ஒரு நிமிடம் வேண்டும். அவர்களுக்குக் கிடைத்ததோ சில விநாடிகள். மூன்று பேர் உட்கார இடம் வேண்டுமென்று, விண்வெளி உடையே இல்லாமல் அனுப்பியிருந்தார்கள். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கலம் பாராசூட்டில் ஒழுங்காகவே கஜகஸ்தானில் இறங்கியது. கதவைத் திறந்தவர்கள் மூவரையும் தரையில் கிடத்திச் செயற்கைச் சுவாசம் கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சு திரும்பவில்லை.

அதன்பிறகு பல ஆண்டுகள் சோயூஸில் இரண்டு பேர்தான் போனார்கள், ‘சோகோல்’ என்ற விண்வெளி உடையோடு. மூன்றாவது ஆளின் இடம் அந்த உடைகளுக்கான கருவிகளுக்குப் போயிற்று.