ஓர் ஆடு கொடுத்துக் கற்ற எழுத்து

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாசிப்பை வளர்த்தது மாளிகை நூலகங்களா, எளிய மக்களின் கைகளா?' இதுதான் தலைப்பு. எளிய மக்களின் கைகளே என்று பேச வந்திருக்கிறேன்.

1546ஆம் ஆண்டு. குளோஸ்டர்ஷயரில் செய்ன்ட்பரி என்ற ஊர். அங்கே குன்றின் மேல் ஆடு மேய்க்கிறார் ராபர்ட் வில்லியம்ஸ். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஒரு புத்தகத்தை 14 பென்ஸ் கொடுத்து வாங்குகிறார். வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. அந்தப் புத்தகத்திலேயே தன் கையால் எழுதி வைக்கிறார். ஆடு மேய்ப்பவர்கள் புதிய ஏற்பாட்டைப் படிக்கக் கூடாது என்று தடுத்துவிட்ட நேரத்தில் இந்தப் புத்தகத்தை வாங்கினேன், அந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள் திருத்தட்டும் என்பது அந்தக் குறிப்பின் சாரம்.

அது என்ன தடை? 1543இல் எட்டாம் ஹென்றியின் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கைவினைஞர், தொழில் பழகும் பையன்கள், வேலைக்காரர்கள், உழவர்கள், கூலியாட்கள், சாதாரணக் குடும்பத்துப் பெண்கள், இவர்கள் யாரும் ஆங்கில விவிலியத்தைப் படிக்கக் கூடாது. பிரபுக்கள் வீட்டில் படிக்கலாம். உயர்குடிப் பெண்களும் படிக்கலாம், ஆனால் தனியாக, தமக்குள்ளே. நடுவர் அவர்களே, படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு யாராவது படிக்காதே என்று சட்டம் போடுவார்களா? கூலியாள் படிக்கிறான், படித்ததைப் பத்துப் பேரிடம் பேசுகிறான் என்ற பயம்தானே அந்தச் சட்டம்? வாசிப்பு மேலிருந்து கீழே வடிந்து வந்தது என்று எதிரணித் தலைவர் சொன்னார். மேலே இருந்தவர்கள் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள் என்கிறது வரலாறு.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1538இல், ஒவ்வொரு கோயிலிலும் ஆங்கில விவிலியம் வைக்க வேண்டும் என்று அரச ஆணை வந்தது உண்மை. அதை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆணைக்குப் பிறகு செம்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். ஏழைகள் சிலர் புதிய ஏற்பாட்டைத் தங்கள் காசில் வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலின் கடைக்கோடியில் உட்கார்ந்து உரக்க வாசிக்கிறார்கள். சுற்றிக் கூட்டம் கூடுகிறது. வில்லியம் மால்டன் என்ற பையனும் போய்க் கேட்கிறான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, இழுத்துக்கொண்டு போகிறார். சரி, கேட்கத்தானே விடமாட்டேன் என்கிறீர்கள், நானே படிக்கக் கற்கிறேன் என்று அவன் கற்றுக்கொள்கிறான். அப்பாவிடம் வேலை பழகிய பையனும் இவனும் காசைச் சேர்த்து ஒரு பிரதி வாங்கி, படுக்கை வைக்கோலுக்குள் ஒளித்துவைக்கிறார்கள். அந்த வைக்கோலையும் ஒரு நூலகம் என்று நான் சொல்வேன்.

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் தாமஸ் பாட்லி 1602இல் திறந்த நூலகத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார்கள். பெரிய மனிதர், பெரிய பணி, மறுக்கவில்லை. ஆனால் அவர் எதை உள்ளே விட்டார்? பஞ்சாங்கங்களும் நாடகப் பிரதிகளும் வேண்டாம் என்று 1612இல் தம் நூலகருக்கு எழுதினார். நாற்பது நாடகங்களில் ஒன்றுகூட வைத்துக்கொள்ளத் தேறாது என்பது அவர் கருத்து. அது ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்த காலம்! அவருடைய நாடகங்களைத் திரட்டி 1623இல் வந்த பெரும் பதிப்பு, பாட்லி மறைந்த பிறகு அந்த நூலகத்துக்கும் வந்தது. புதிய பதிப்பு வந்ததும் பழையது எதற்கு என்று 17ஆம் நூற்றாண்டிலேயே கழித்துவிட்டார்கள். அதே பிரதியை 1906இல் 3,000 பவுண்டு திரட்டித் திரும்ப வாங்கினார்கள்.

பாட்லி ஒதுக்கிய பஞ்சாங்கம் 1660களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம் பிரதி விற்றது. மூன்று குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கு வரும். சந்தை நாள், விதைக்கும் காலம், நிலவின் வளர்பிறை தேய்பிறை, எல்லாம் அதில் இருக்கும். வருடம் முழுக்க ஒரு வீடு புரட்டுகிற புத்தகம் அது. அப்புறம் பாட்டுத்தாள்கள். ஒரே தாளில் ஒரு கதைப்பாட்டு, மேலே ஒரு மரக்கட்டைப் படம், விலை ஒரு பென்னி. மூட்டை வியாபாரிகள் ஊசி, நாடா, ரிப்பனோடு அவற்றையும் சுமந்து கிராமம் கிராமமாகப் போனார்கள். வாங்கியவர்கள் குடிசைச் சுவரிலும் சாராயக்கடைச் சுவரிலும் ஒட்டினார்கள். எழுத்து தெரிந்தவர் படிக்க, தெரியாதவர் பாடக் கற்றுக்கொண்டார். சுவரே பக்கமாகிவிட்ட வீடுகள் அவை.

அந்தப் பாட்டுத்தாள்களைக் காப்பாற்றியது சாமுவேல் பீப்ஸ் போன்ற செல்வந்தர்தானே என்று சகோதரி கேட்டார். ஆமாம், ஏறக்குறைய 1,800 தாள்களைச் சேர்த்துவைத்தார், இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பீப்ஸ் சேர்ப்பதற்கு அவை அச்சாகியிருக்க வேண்டும். அச்சாக ஒரு பென்னி கொடுக்க ஆள் இருந்திருக்க வேண்டும். அந்தப் பென்னிகள் பெரும்பாலும் கூலிக்காரர்களின் பென்னிகள். அவர்கள் வாங்கிய பிரதிகள் எங்கே என்றால், கை மாறிக் கை மாறிக் கிழிந்தன, பலகாரம் சுடும் தட்டுக்கு அடியில் போயின. நூலகத்தில் மிஞ்சியதை மட்டும் எண்ணி, இவர்கள்தான் படித்தார்கள் என்று முடிவு கட்டுவது நியாயமா?

கடைசியாக ஒரு கணக்கைக் காட்டினார்கள். 1640களில் ஆண்களில் பத்துக்கு ஏழு பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர். இவர்களா வாசிப்பை வளர்த்தார்கள் என்று கேட்டார்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் முதலில் படிக்கத்தான் கற்றார்கள். கைப்பிடி வைத்த சிறு பலகை, அதில் எழுத்துகளும் இறைவேண்டலும் அச்சிட்ட தாள், மேலே மெல்லியதாகச் சீவிய மாட்டுக்கொம்பு. அதுதான் பாடநூல். எழுதும் பாடம் அதற்கு அடுத்த கட்டம். அந்தக் கட்டம் வருவதற்குள் ஏழை வீட்டுப் பையன் கூலி வேலைக்குப் போய்விடுவான். பெண் பிள்ளைகளுக்குப் படிப்போடு தையலும் பின்னலும் சொல்லிக்கொடுத்து நிறுத்திவிடுவார்கள். ஆகவே பத்திரத்தில் சிலுவைக் குறி போட்ட கை, வீட்டில் பக்கம் புரட்டிய கையாகவும் இருந்திருக்கலாம். வரலாற்றாசிரியர் மார்கரெட் ஸ்பஃபர்ட் இதைத் தேடித் தேடி எழுதியிருக்கிறார்.

அதற்குச் சாட்சியாக அதே குளோஸ்டர்ஷயரிலிருந்து இன்னொருவரை அழைக்கிறேன். ராபர்ட் வில்லியம்ஸுக்கு நூறு ஆண்டுகள் கழித்து பைபுரி என்ற ஊரில் வளர்ந்த தாமஸ் டிரையன். இவரும் ஆடு மேய்த்தவர். 13 வயது வரை எழுத்தே தெரியாது. பிறகு ஓர் அரிச்சுவடி வாங்கி, அவரைக் கேட்டு இவரைக் கேட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். சொல்லிக்கொடுத்தவர்களுக்கே சரளமாகப் படிக்க வராது என்று அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். அந்தக் குன்றுகளில் படிப்பு அப்படித்தான், காசில்லாமல், ஒருவர் வாயிலிருந்து இன்னொருவருக்குப் போனது. எந்த மாளிகையும் அந்த வழியில் இல்லை.

படிக்க வந்துவிட்டது, எழுத வரவில்லை. சொல்லித்தர அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய, கால் ஊனமுற்ற ஓர் இளைஞரைத் தேடிப் போனார். பின்னாளில் லண்டனில் தொப்பி செய்யும் தொழில் பழகி, இரவில் கண்விழித்துப் படித்து, தாமே பல நூல்கள் எழுதிய டிரையனின் முதல் எழுத்துகள் அங்கே கற்றவை. அதற்கு அவர் கொடுத்த கட்டணம் ஓர் ஆடு. நடுவர் அவர்களே, அப்போது அவருக்குச் சொந்தமாக இருந்தது மொத்தமே இரண்டு ஆடுகள்.

தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.