அடுப்படியிலிருந்து ஆரம்பியுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, இந்த அரங்கை மனமுவந்து தந்த புரவலர் ஐயா அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த அம்மையார் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்குத் தனியே ஒரு நன்றி.

காலனியக் காலத்து வீடு அருங்காட்சியகமானால் அங்கே யார் பேசுவது, என்ன பேசுவது, செலவுக்கு என்ன வழி என்று மூன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற ஊரையே 1926 முதல் ராக்ஃபெல்லர் என்ற செல்வந்தரின் பணத்தில், காலனியக் காலத்தில் இருந்தபடி மீட்டெடுத்தார்கள். அங்கே வழிகாட்டிகள் அந்தக் கால உடையில், அந்தக் காலத்து ஆளாகவே நின்று பேசுவார்கள். அங்கே பேட்டன் ராண்டால்ஃப் வீடு இருக்கிறது. பிரிட்டனை எதிர்த்து அமெரிக்கக் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய முதலாம் கண்ட மாநாட்டின் தலைவர் அவர். 1775இல் அவர் இறந்தபோது அந்த வளாகத்தில் 27 அடிமைகள். விருந்து மேசையை மட்டும் காட்டிவிட்டு, சமைத்தவளைச் சொல்லாமல் விடலாமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

1994 அக்டோபரில் அதே ஊரில் நடந்ததைக் கேளுங்கள். தெருவில், ஜனங்கள் முன்னால், அடிமை ஏலத்தை நடித்துக் காட்டப்போவதாக அறிவித்தார்கள். ‘எங்கள் முன்னோரின் வேதனை வேடிக்கைப் பொருளா?’ என்று எதிர்ப்பு கிளம்பியது. நியாயமான கோபம்தான். ஏற்பாடு செய்தவரோ கிறிஸ்டி கோல்மன் என்ற கறுப்பினப் பெண். கூட்டத்தின் முன் வந்து, பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்றார். அப்புறம் அவரே கர்ப்பிணி அடிமையாக ஏலப்படியில் ஏறினார். விலை கூவினார்கள். கணவன் ஒருவனுக்கு, மனைவி வேறொருவனுக்கு! கூட்டத்தில் பலர் அழுதார்கள். எதிர்க்க வந்த தலைவர்களில் ஒருவரே மனம் மாறினார் ஐயா! அதைவிட என்ன சான்று வேண்டும்?

செலவைப் பற்றிப் பேச நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். சரி, ஒன்றே ஒன்று. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது வரவேற்பறையில் தொடங்காதீர்கள். பின்கட்டு வழியாகக் கூட்டிப் போங்கள். அங்கே உழைத்த அடிமைகளையும் சொத்தாகவே எழுதிவைத்தார்கள்; அதனால் அவர்களின் பெயர் பழைய சொத்துப் பட்டியலில் பல நேரம் இருக்கும். அதைத் தேடி எடுத்து, உரக்கப் படித்துவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். முழுப் பூசணிக்காயை இன்னும் எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? இதை வற்புறுத்தும் கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது. தலைவர் முதல் கையெழுத்தைப் போட இசைந்திருக்கிறார். நீங்களும் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.