அந்த மெசேஜை அனுப்பப் போறது யாரு?

வணக்கம் நேயர்களே. யுனிவர்சிட்டி கேம்பஸ்ல திடீர்னு ஒரு ஆபத்து வந்தா என்ன பண்றது, அதுக்கு முன்னாடியே எப்படித் தயாரா இருக்கறதுன்னு பேசக் கூப்பிட்டிருக்காங்க. நான் ரொம்ப வருஷமா பாக்கறவங்ககிட்ட எல்லாம் பேசிக்கிட்டிருக்கற விஷயம் இது. எந்த காலேஜ்ல போய்க் கேட்டாலும் ஒரு ஃபைலை எடுத்து நீட்டுவாங்க, ஃபயர் சர்வீஸ் நம்பர், ஆம்புலன்ஸ் நம்பர், கமிட்டியில யார் யாருன்னு எல்லாம் இருக்கும். நல்லதுதான். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு: காலைல ஏழேகாலுக்கு ஏதோ நடந்துடுச்சுன்னா, அத்தனை பசங்களுக்கும் மெசேஜ் அனுப்பப் போறது யாரு? அவங்க யார்கிட்டயும் பர்மிஷன் கேக்காம அனுப்ப முடியுமா?

ஏழேகால்னு சும்மா சொல்லல. 2007 ஏப்ரல் 16, அமெரிக்காவுல வர்ஜீனியா டெக் யுனிவர்சிட்டி. ஏழேகால் வாக்குல ஒரு ஹாஸ்டல்ல ரெண்டு மாணவர்களை ஒருத்தன் சுட்டுட்டான். போலீஸ் உடனே வந்துட்டாங்க, ஆனா இது ஏதோ சொந்தத் தகராறு, சுட்டவன் கேம்பஸை விட்டே போயிருப்பான்னு நினைச்சாங்க. நிர்வாகத்துல பெரியவங்க எல்லாம் கூடி, என்ன சொல்றது, எப்படிச் சொல்றது, பீதி ஆயிடக் கூடாதேன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்துல மெசேஜ் அனுப்பற பாஸ்வேர்ட் போலீஸ்கிட்ட கிடையாது, யுனிவர்சிட்டி ஆபீஸ்ல ரெண்டே பேர்கிட்டதான் இருந்துச்சு. கடைசியா இமெயில் போனப்போ மணி 9:26. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சுங்க! அதுலயும் துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, போலீஸ் விசாரிக்கறாங்கன்னுதான் இருந்துச்சே தவிர, சுட்டவன் இன்னும் பிடிபடலைங்கற ஒரு வரி இல்ல.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நாரிஸ் ஹால்ங்கற கட்டடத்துல 9:05க்கே கிளாஸ் ஆரம்பிச்சாச்சு. 2007ல இமெயில் வர்ற ஃபோன் எத்தனை பேர்கிட்ட இருந்துச்சு? கிளாஸ்ல உக்காந்திருக்கற பையன் அந்த இமெயிலை எங்கே பாப்பான்? 9:40க்கு அதே ஆள் அந்தக் கட்டடத்துக்குள்ள சுட ஆரம்பிச்சான். மொத்தம் 32 பேர் செத்துப் போயிட்டாங்க. அதுல ஒருத்தர் நம்ம கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல கரட்டடிபாளையத்துல பொறந்து, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டெக்ல படிச்ச பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். தண்ணி, மழை, வெள்ளம் இதைப் பத்திச் சொல்லிக் கொடுக்கறவர், அன்னைக்கும் அந்தக் கிளாஸ்தான் எடுத்துக்கிட்டிருந்தார். அந்த ஒரு ரூம்ல மட்டும் அவரும், அவரோட மாணவர்கள் ஒன்பது பேரும் உயிரை விட்டாங்க. காலைல எட்டு மணிக்கு ஒரு வரி, ஒரே ஒரு வரி, வெளியே வராதீங்கன்னு போயிருந்தா... இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது.

இன்னொண்ணு. நாரிஸ் ஹாலோட மூணு பெரிய வாசலையும் அவன் உள்பக்கமா சங்கிலி போட்டுக் கட்டிட்டான், கதவைத் திறந்தா குண்டு வெடிக்கும்னு ஒரு சீட்டும் ஒட்டியிருந்தான். ஒரு பேராசிரியர் அதைப் பாத்தாங்க, ஆனா சீட்டு போலீஸுக்குப் போகாம மூணாவது மாடியில டீன் ஆபீஸுக்குத்தான் போச்சு. அவங்களைக் குறை சொல்லல. மேலிடத்துல சொல்லணும்ங்கறது நம்ம எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் பிளான் மாத்தணும், பாத்தவங்களே நேரா போலீஸுக்கு ஃபோன் பண்ணலாம்னு ஒவ்வொருத்தருக்கும் தெரியணும், ஆபீஸருக்கு மட்டும் இல்ல, கூட்டிப் பெருக்கற அம்மாவுக்கும் தெரியணும்.

அடுத்த வருஷமே, 2008ல, அமெரிக்காவுல சட்டத்தைத் திருத்தினாங்க. ஆபத்துன்னு உறுதியானா தாமதிக்காம கேம்பஸுக்கே சொல்லணும், அந்த ஏற்பாட்டை வருஷத்துக்கு ஒரு தடவையாவது டெஸ்ட் பண்ணணும். டெஸ்ட் பண்றதுதான் முக்கியம்ங்க, பாஸ்வேர்ட் வெச்சிருக்கறவர் லீவுல இருக்கார்ங்கறது அப்போதான் தெரிய வரும்.

கதவைப் பத்தி நிறையப் பேசணும்னு வந்தேன், நேரம் ஆயிடுச்சுன்னு கையைக் காட்டறாங்க. சுருக்கமா சொல்லிடறேன். நாரிஸ் ஹால் கிளாஸ்ரூம் கதவை எல்லாம் அப்போ உள்ளேருந்து பூட்ட முடியாம இருந்துச்சு. 205ங்கற ரூம்ல மாணவர்கள் பெரிய மேஜையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் பிடிச்சுக்கிட்டாங்க, அவன் கதவு வழியா சுட்டும் உள்ளே வர முடியல, அங்கே ஒருத்தருக்கும் காயம் இல்ல. 204ல 76 வயசு பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு கதவை உடம்பால அடைச்சு நின்னார், பசங்க ஜன்னல் வழியா குதிச்சாங்க, அவர் குண்டடி பட்டுச் செத்துப் போயிட்டார். அது ஒரு தாழ்ப்பாள் செஞ்சிருக்க வேண்டிய வேலை.

வீல்சேர்ல வர்ற மாணவரை, லிஃப்ட் ஓடாத நேரத்துல யாரு இறக்கறதுன்னும் சொல்ல நினைச்சேன். ரெண்டு பேரை இப்போவே பேர் சொல்லி வெச்சுடுங்க, அந்த மாணவரையும் கேட்டு வெச்சுடுங்க. நன்றி, வணக்கம்.