கடன் வாங்கிய கடலா?

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். குடும்பத்துப் பிறந்தநாள் நிறைவாக இருப்பது சொந்த ஊர் வீட்டிலா, அயல்நாட்டுக் கடற்கரையிலா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணாச்சி வீட்டுக்காக வாதாடினார். தலைவாழை இலை, பால்பாயசம், தெருவே திரண்டு வந்து வாழ்த்தியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்து, "அங்கே இருப்பது கடன் வாங்கிய கடல், தங்கச்சி" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். சொல் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அண்ணாச்சி, அந்தப் பாயசத்தைக் கிண்டியது யார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

என் அம்மாவுக்குப் பிறந்தநாளே கிடையாது. சான்றிதழில் ஜூன் 1 என்று இருக்கிறது. அது பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த தேதி. (இந்தப் பந்தலில் சான்றிதழ்படி ஜூன் மாதம் பிறந்தவர்கள் கையைத் தூக்குங்கள். அடடா! நடுவரே, நீங்களுமா?) உண்மையில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் நிலைக்கு வந்த அன்று பிறந்தவள் என்பார் ஆச்சி. அந்தக் காலத்தில் தேர் நிலைக்கு வர நாள்கணக்காகும். அந்த வருடம் எந்த நாள் வந்து நின்றது என்று தேரைத்தான் கேட்க வேண்டும். நாங்கள் நான்கு பிள்ளைகள். நான்கு பிறந்தநாளுக்கும் தேங்காய் துருவியது, சொதிக்குப் பால் பிழிந்தது, கடைசியில் அடிச்சட்டியை வழித்துச் சாப்பிட்டது அம்மா. அறுபதாம் கல்யாணம் நடந்ததே என்பீர்கள். நடந்தது, அப்பாவுக்கு 60 நிறைந்ததற்கு.

நம் சீமையில் கடல் இல்லாமல் இல்லை. உவரி இருக்கிறது, திருச்செந்தூர் இருக்கிறது. எதற்குப் போனோம்? மொட்டை போடப் போனோம். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனோம். உவரி சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்ந்துகொண்டு, ஓலைப்பெட்டியில் கடல் மண் அள்ளித் தலையில் சுமந்து கோயில் முன்னால் கொட்டினோம். அம்மா எனக்காக 11 பெட்டி சுமந்திருக்கிறார், அம்மை கண்டு பிழைத்ததற்கு. சாமிக்கும் செத்தவர்களுக்கும் கடல் இருந்தது. சும்மா காலை நீட்டி உட்கார வாருங்கள் என்று ஒரு பெண்பிள்ளையை யாராவது கூப்பிட்டது உண்டா?

சிங்கப்பூருக்கு அம்மா வந்திருந்தபோது அவருக்கு 63 முடிந்திருந்தது. ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமையை நாங்களே பிடித்துக்கொண்டோம். அங்கே கடலோரத்தில் இருக்கும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கரியடுப்பு மேடைக்கு முன்பதிவு செய்து, அனுமதிச் சீட்டு வாங்கினோம். கோழிக்கு மசாலா தடவிச் சுட்டது என் வீட்டுக்காரரும் தம்பியும். பாதி கருகிவிட்டது. அம்மா இரண்டு முறை எழுந்து இடுக்கியைப் பிடுங்கப் போனார். இரண்டு முறையும் பிடித்து உட்காரவைத்தோம். "எனக்கு எதற்கு ஏட்டி இதெல்லாம்?" என்றார். பிறகு பேசவில்லை. எதிரே வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை எண்ணத் தொடங்கினார். முப்பதைத் தாண்டியதும் கணக்கு விட்டுப்போய் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அவ்வளவு நேரம் அவர் ஒரு வேலையும் செய்யாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அலையே இல்லாத கடலும் ஒரு கடலா என்றும் அண்ணாச்சி கேட்டார். உவரி அலையில் கணுக்கால் நனைந்தாலே, "போதும், மேலே ஏறு" என்று அதட்டப்பட்ட பெண், அந்த அலையில்லாத கடலில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்றார் ஐயா.

ஏக்கமே இல்லையா என்றால், உண்டு. கேக்கை வெட்டும்போது வீடியோ அழைப்பில் சித்தி அழுதார், படம் உறைந்துபோய் அழுத முகத்தோடு அப்படியே நின்றது. அதை நான் மறைக்கவில்லை.

கடன் வாங்கிய கடல் என்றீர்களே, அதற்கு வருகிறேன். அந்தக் கரையே இயற்கைக் கரை அல்ல. 1966இல் கடலைத் தூர்க்கத் தொடங்கி, பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டி உண்டாக்கியது. அன்று மாலை இதை அம்மாவிடம் சொன்னேன். "மண் சுமந்த கரையா?" என்று கேட்டார். குனிந்தார். ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, பத்தடி நடந்து மேட்டில் கொட்டினார். திரும்பிப் போய் மறுபடியும் அள்ளினார். என் மகன் பொம்மை வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். பதினொன்று வரை எண்ணியது அவன்தான்.

அதற்குப் பிறகும் அது யாருடைய கரை என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம் இருந்தால் என்னிடம் கேட்க வேண்டாம். முன்வரிசையில் இரண்டாவது நாற்காலியில்தான் அம்மா இருக்கிறார்.