பூனைகளோடு படுக்கும் நாய்க்குட்டிக்கு எந்தத் தெள்ளு மருந்து?

வணக்கம். விளக்கம் கேட்டு வந்திருக்கும் கேள்விகளில், உப்புவெளியில் வசிக்கும் ஒரு சகோதரியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய வீட்டில் ஏழு மாதமான ஊர் நாய்க்குட்டி ஒன்று இருக்கிறது. நிறை ஏறத்தாழ 9 கிலோ. இரண்டு பூனைகளும் இருக்கின்றன. மூன்றும் விறாந்தையில் ஒரே சாக்கில்தான் படுக்கின்றன. குட்டியின் உடம்பெல்லாம் தெள்ளு. வாலடியைக் கடித்துக் கடித்து அந்த இடத்தில் மயிரே உதிர்ந்துவிட்டது. தம்பலகாமத்தில் வேளாண்மை செய்யும் அயலவர், வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியில் ஒரு மூடி கரைத்துக் குளிக்க வார்த்தால் போதும் என்கிறாராம். கனடாவிலிருந்து வந்துபோன மைத்துனர், பெரிய நாய்களின் தோலில் விடும் துளி மருந்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்; அதை அரைவாசியாக்கிப் போடலாமா என்று சகோதரி கேட்கிறார். தெள்ளுக் குளிசை கொடுத்தால் நாய்க்கு வலிப்பு வரும் என்று யாரோ சொன்னதால், அதற்கும் பயப்படுகிறார்.

அயலவரின் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வயல்களுக்கென்று செய்யப்பட்ட கிருமிநாசினிகளில் பல, ஆர்கனோபொஸ்பேட், காபமேட் என்ற இரு வகைகளைச் சேர்ந்தவை. அவை பூச்சியின் நரம்பை எந்த வழியில் தாக்குகின்றனவோ, அதே வழியில்தான் நாயின் நரம்பையும் மனிதரின் நரம்பையும் தாக்குகின்றன. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் தூண்டலை உரிய நேரத்தில் நிறுத்தும் நொதியத்தை அவை முடக்கிவிடுவதால், எச்சில் ஒழுகுவதில் தொடங்கி, வாந்தி, வயிற்றோட்டம், கண்மணி சிறுத்துப்போதல், உடல் நடுக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் என்று நிலைமை விரைவாக மோசமாகும். ஒரு மூடி என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வயலுக்கே கரைத்துத் தெளிப்பதற்காகச் செறிவாக்கப்பட்ட திரவத்தில் ஒரு மூடி, 9 கிலோ நிறையுள்ள குட்டியின் தோலினூடாக உறிஞ்சப்படும்போது, அது நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும்போது, எவ்வளவு உடலில் சேர்ந்தது என்று எந்த வைத்தியராலும் கணக்கிட முடியாது. வார்க்கிறவரின் கைகளுக்கும் அதே ஆபத்து இருக்கிறது. அத்துடன் நம்முடைய கரையோர வளவுகள் மணல் நிலம். கிணற்றடியில் ஊற்றும் நீர் மணலினூடாக இறங்கி அதே கிணற்றைச் சென்றடையக்கூடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது ஏற்கெனவே அப்படி வார்த்துவிட்டு, நாயின் வாயில் நுரையோ உடலில் நடுக்கமோ கண்டால், கையுறை அணிந்து சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் போங்கள். போத்தலில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால்தான் எந்த முறிவு மருந்தைக் கொடுப்பது என்று அவரால் விரைவாகத் தீர்மானிக்க முடியும்; இந்த வகை நஞ்சுகளுக்கு அட்ரொப்பின் என்ற மருந்து இருக்கிறது, நேரத்தோடு போனால் அது உயிரைக் காப்பாற்றும்.

இனி மைத்துனர் கொண்டுவந்த துளி மருந்து. என்னை உண்மையில் அதிகம் கவலைப்படுத்துவது இதுதான், ஏனெனில் இது நல்ல நோக்கத்தோடு கொடுக்கப்பட்ட, நாய்களுக்கென்றே முறையாகத் தயாரிக்கப்பட்ட மருந்து. ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது. பெட்டியைத் திருப்பி, மருந்துப் பொருள்களின் பெயர்கள் எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே பெர்மெத்ரின் என்ற பெயர் இருந்தால் அந்த மருந்து உங்கள் வீட்டுக்கு ஏற்றதல்ல. உரிய அளவில் பெர்மெத்ரினை நாயின் உடல் தாங்கிக்கொள்ளும். பூனையின் ஈரலோ அதை உடைத்து வெளியேற்றுவதற்குப் போதிய திறன் இல்லாதது. நாய்களுக்கான துளி மருந்துகளில் பெர்மெத்ரின் மிகச் செறிவாக, நூற்றுக்கு நாற்பது பங்குக்கும் மேலாகக்கூட இருப்பதுண்டு. அதில் சில துளிகள் பூனையின் தோலில் பட்டாலும், அல்லது மருந்து காயாத நாயின் முதுகை அது நக்கினாலும், உரசிப் படுத்தாலும், சில மணி நேரத்திலிருந்து மூன்று நாட்களுக்குள் காது துடிப்பும் உடல் நடுக்கமும் தொடங்கி வலிப்பில் போய் முடியலாம். மூன்று பிராணிகளும் ஒரே சாக்கில் படுக்கும் வீட்டில் அவற்றைப் பிரித்து வைப்பது சொல்வதற்கு எளிது, நடைமுறையில் நடக்காத காரியம். தவறுதலாகப் பூனைமேல் பட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொண்டு இளஞ்சூடான நீரில் கழுவி, துடைத்து, உடலைக் குளிரவிடாமல் துவாயில் சுற்றி வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நல்ல சூடான நீர் வேண்டாம். அது தோலினூடாக உறிஞ்சப்படுவதைக் கூட்டிவிடும்.

பெர்மெத்ரின் இல்லாத மருந்தாக இருந்தாலும் அதை அரைவாசியாக்கிப் போடலாமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். திறந்த குழாயிலிருந்து கண்மட்டத்தில் அரைவாசியை யாராலும் சரியாகப் பிழிய முடியாது. உதாரணமாக, பிப்ரோனில் என்ற தெள்ளுக்கொல்லி மட்டும் உள்ள நாய்த் துளி மருந்தில் 2 முதல் 10 கிலோ வரையான நாய்க்கு 0.67 மில்லிலீற்றர், 10 முதல் 20 கிலோ வரைக்கு 1.34, 20 முதல் 40 கிலோ வரைக்கு 2.68 என்று ஒவ்வொரு நிறைக்கும் தனித்தனிக் குழாய் வருகிறது. 40 கிலோ நாய்க்கான குழாயில் பாதியைப் போட்டால்கூட உங்கள் குட்டிக்கு உரிய அளவைப் போல இரு மடங்கு போய்விடும்.

குளிசைகளைப் பற்றிய பயம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல, ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அபொக்ஸோலனர், புளூரலனர், சரோலனர், லொட்டிலனர் என்ற நான்கு தெள்ளு மருந்துகளும் ஐசொக்சசோலின் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நெக்ஸ்கார்ட், பிரவெக்டோ, சிம்பாரிக்கா, கிரெடெலியோ என்ற பெயர்களில் அவை விற்கப்படுகின்றன. 2018 செப்டெம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இந்தக் குடும்பத்து மருந்துகளால் சில பிராணிகளுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஏற்படலாம் என்றும், முன்பு வலிப்பே வராத பிராணிகளுக்கும் அது வரக்கூடும் என்றும் எச்சரித்தது. பெரும்பாலான பிராணிகளுக்கு இவை பாதுகாப்பானவையே என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. சொன்னவர்கள் முதற்பாதியை மட்டும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு முறையாவது வலிப்பு வந்த நாய்க்கு நான் இவற்றைத் தேர்ந்தெடுக்கமாட்டேன். அப்படி எதுவும் வராத, நன்றாகச் சாப்பிட்டு ஓடித்திரியும் குட்டிக்கு, வைத்தியர் ஒரு முறை பரிசோதித்த பின்னர், இதுவே உங்கள் வீட்டுக்கு மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் உங்கள் வீட்டின் நிலைமைதான். குளிசையின் மருந்து இரத்தத்தில் இருக்கிறது. கடிக்கும் தெள்ளு அதை உறிஞ்சிச் சாகிறது. மயிரில் ஒன்றும் ஒட்டியிருக்காததால் பூனை நக்கினாலும் பிள்ளைகள் கட்டிப்பிடித்தாலும் பயமில்லை. உப்புவெளிக் கடற்கரையில் குட்டி அலைக்குள் இறங்கி விளையாடினாலும் மருந்து கழுவுப்படாது. துளி மருந்தாக இருந்தால், போடுவதற்கு இரண்டு நாள் முன்னரும் போட்ட பின்னர் இரண்டு நாளும் குளிக்க வார்க்காமல், கடலிலும் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மருந்துகள் மீன்களுக்கும் இறால்களுக்கும் கேடானவை என்பதால் கடலுக்காகவும் அந்த எச்சரிக்கை தேவை. குளிசைகளிலும் மூன்று மாதம் நிற்பவற்றைவிட ஒரு மாதம் நிற்பவற்றை வளரும் குட்டிகளுக்கு நான் விரும்புகிறேன். நிறை மாதத்துக்கு மாதம் கூடுகிறது. ஏதாவது ஒவ்வாமை தென்பட்டாலும் மருந்து உடலில் தங்கும் காலம் குறைவு. குளிசை கிடைக்காவிட்டால், பிப்ரோனில் மட்டும் உள்ள துளி மருந்தை நிறைக்கேற்ற குழாயில் வாங்கி, பிடரிக்குக் கீழே இரு தோள்பட்டைகளுக்கும் நடுவில், நாய் நக்க முடியாத இடத்தில், மயிரை விலக்கித் தோலிலே விடுங்கள். வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் பிப்ரோனிலை முயலுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அது முயலைக் கொல்லக்கூடும்.

பூனைகளுக்கும் அன்றைக்கே மருந்து போட வேண்டும், பூனைகளுக்கென்று செய்யப்பட்டதாக அது இருக்க வேண்டும். நாயில் நாம் காணும் தெள்ளு பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்ற இனம்தான். அது நாய், பூனை, ஆட்டுக்குட்டி என்று வேறுபாடு பார்ப்பதில்லை. குட்டியை மட்டும் கவனித்தால் பூனைகளின் உடம்பில் தெள்ளு தொடர்ந்து பெருகும்.

அடுத்து நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள், ஏனெனில் மருந்தால் நாய் நஞ்சாகிப்போகும் பல சம்பவங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. மருந்து கொடுத்து ஒரு கிழமையில் மறுபடியும் தெள்ளைக் காண்கிறார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை போடுகிறார்கள், அதற்கு மேலே ஷாம்பு, அதற்கு மேலே கழுத்துப்பட்டி. மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முட்டைகள்வரை இடும்; அவை மயிரில் ஒட்டாமல் சாக்கிலும் பாயிலும் சீமெந்து வெடிப்பிலும் உதிர்ந்துவிடும். ஒரு வீட்டிலுள்ள தெள்ளுகளில் நாயின் மேல் நாம் காண்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான்; மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் இருக்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் பருவத்தை எந்த மருந்தும் சரியாகத் தொடுவதில்லை. அது மாதக்கணக்கில் உள்ளே காத்திருந்து, யாராவது நடக்கும் அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவுடன் காலில் தெள்ளு ஏறுவதற்கும் காரணம் அதுவே.

ஆகவே நாயின் உடம்பில் மருந்தைக் கூட்டாமல், வேலையை வீட்டுத் தரையில் கூட்டுங்கள். அந்தச் சாக்கை எரித்துவிடுங்கள் அல்லது எறிந்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, கிழமைக்கு ஒரு தடவை கொதிநீரில் தோய்த்து வெயிலில் காயவிடக்கூடிய பழைய படுக்கை விரிப்பைப் போடுங்கள். விறாந்தையை, முக்கியமாக மூலைகளையும் படிகளின் கீழ்ப்பகுதியையும், நாள்தோறும் கூட்டி, குப்பையை வளவில் கொட்டாமல் கட்டி அப்புறப்படுத்துங்கள். திறந்த முற்றத்து மணலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நம்முடைய ஆனி, ஆடி மாத வெயிலில் தெள்ளுப் புழு காய்ந்து செத்துவிடும். அது தப்பிப் பிழைப்பது நிழலும் ஈரமும் உள்ள இடங்களில்தான், மாரி மழை தொடங்கியதும் அந்த இடங்கள் பெருகும். இப்படிச் செய்தால் புதிதாக வெளிவரும் தெள்ளுகள் கிழமைக்குக் கிழமை குறைவதைக் காண்பீர்கள். முழுவதும் ஓய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை மருந்து அதன் தவணையில் மட்டும் போகட்டும்.

வேப்பெண்ணெயைப் பற்றி பலர் கேட்பதுண்டு. அது தெள்ளைச் சற்று விலக்கும், இவ்வளவு பெருகிய தெள்ளை அழிக்காது. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நுரையீரலைக் கெடுக்கும். புகையிலைத் தண்ணீர் நிக்கொட்டின் நஞ்சு. உள்ளியைச் சோற்றில் கலந்து கொடுப்பது நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். கற்பூரமும் பூச்சி உருண்டையும் நாய்க்கு ஆகாது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைப் போடுவிக்கிறவர்களும் உண்டு. அது தெள்ளுக்குச் சரியாக வேலை செய்யாது, கொலி போன்ற சில இன நாய்களுக்கு மூளைவரை போய் உயிரையே பறிக்கும்.

உண்மையில் தெள்ளுதானா என்று உறுதிசெய்துகொள்ள, பேன் சீப்பால் வாலடியைச் சீவி, விழும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் தாளில் வையுங்கள். அதைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது செரித்த இரத்தம், தெள்ளின் எச்சம். ஆசனவாயைச் சுற்றி அரிசி மணி போன்ற வெள்ளைத் துண்டுகளைக் கண்டால் அவை தெள்ளை விழுங்குவதால் வரும் நாடாப்புழு. அதற்குத் தனியாகப் புழு மருந்து வேண்டும். வாலடிப் புண்ணில் சீழ் வைத்திருந்தாலோ முரசு வெளிறியிருந்தாலோ எதையும் வாங்கிப் போடுவதற்கு முன்னர் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னும் ஒன்று, சகோதரி. நீங்கள் சொன்ன 9 கிலோ எப்போது நிறுத்தது என்று தெரியவில்லை. நீங்கள் தராசில் ஏறி ஒரு முறையும், குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும் நின்று, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அபொக்ஸோலனர் குளிசையிலும் பிப்ரோனில் துளி மருந்திலும் நிறையளவு 10 கிலோவில்தான் மாறுகிறது. ஏழு மாதக் குட்டி அந்த எல்லையை வெகு விரைவில் தாண்டிவிடும் என்பதால், அடுத்த மாதத் தவணைக்கு மருந்து வாங்கப் போகும் அன்றைக்கே மறுபடியும் நிறுத்துவிட்டுப் போங்கள்.