எட்டு வீட்டு வளவு

('பழைய நகர்ப் பகுதிகள் புதுப்பொலிவு பெறுவதால் அங்கு வாழ்ந்தோர் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா?' என்னும் தலைப்பில் திருநெல்வேலி டவுனில் நடந்த பட்டிமன்றத்தில், 'இழந்ததே அதிகம்' என்ற அணிக்காக ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, ரத வீதிகளிலிருந்தும் பேட்டையிலிருந்தும் தச்சநல்லூரிலிருந்தும் ஆற்றைக் கடந்து பாளையங்கோட்டையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய அண்ணாச்சி மூன்று செய்திகளைச் சொன்னார். டவுனில் சாலையும் விளக்கும் சாக்கடையும் முன்னைவிடச் சீராகியிருக்கின்றன என்றார். ஒரு சென்ட் நிலம் இன்று போகும் விலையை நம் பாட்டன்மார் கனவிலும் கண்டதில்லை என்றார். பல வீட்டார் ஒன்றாகக் குடியிருந்த பழைய வளவு வாழ்க்கை நாம் ஏங்கும் அளவுக்கு இனிமையானது அன்று என்றார். இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் தலைப்பு, டவுன் பெற்றது என்ன என்று கேட்கவில்லை. டவுனில் வாழ்ந்தவர் பெற்றது என்ன என்றே கேட்கிறது. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கருதிவிட்டதுதான் எதிரணியின் பிழை.

ஏழைகளும் கைத்தொழிலாளரும் குடியிருந்த நகர்ப் பகுதிக்குள் வசதி படைத்தவர்கள் வந்து சேர, வாடகை ஏறி, முன்பிருந்தவர்கள் வெளியேறும் நிகழ்வுக்கு 1964-ஆம் ஆண்டில் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டார். அவர் எழுதியது லண்டனைப் பற்றி. அங்கே தொழிலாளர் இருந்த வீட்டுக்குள் வசதியானவர் குடிவந்தார். வீடு வீடாகவே இருந்தது. நம் ரத வீதிகளில் நடந்தது அதைவிடக் கடுமையானது என்று நான் கருதுகிறேன். இங்கே வீட்டின் இடத்தில் துணிக்கடையும் நகைக்கடையும் அவற்றின் கிடங்கும் வந்தன. போனவருக்குப் பதிலாக இரவில் அங்கே தூங்குவதற்குக்கூட ஆள் வரவில்லை. லாலா சத்திர முக்கிலிருந்து வாகையடி முக்கு வரை இரவு பதினொரு மணிக்கு நடந்து பாருங்கள்; மாடி வீடுகளில் எத்தனை சன்னலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள்.

நான் பிறந்து வளர்ந்த வளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் அன்பர்களுக்காக விளக்கிச் சொல்கிறேன்: வளவு என்பது ஒரே நடைக்குள், அதாவது ஒரே நுழைவழிக்குள், பல வீடுகள் அமைந்த குடியிருப்பு. ரத வீதிக்குப் பின்னால் ஒரு முடுக்குச் சந்தில் இருந்த எங்கள் வளவில் இருபுறமும் நான்கு நான்காக எட்டு வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு, கடைசியில் எல்லோருக்குமாக இரண்டு கழிப்பறைகள். வீட்டுக்குத் தார்சா என்னும் ஒரு முன்கூடம், பட்டாசல் என்னும் ஓர் உள்கூடம், புகை படிந்த ஓர் அடுக்களை. மழைக்காலத்தில் ஓடு ஒழுகும். காலையில் கழிப்பறைக்கு வரிசை நிற்கும். அண்ணாச்சி சொன்ன குறைகளெல்லாம் அங்கே இருந்தன. அவற்றை அனுபவித்தவள் நான்.

என் தாயார் அந்த நடையில் முப்பது ஆண்டுகள் இட்லி விற்றார். விடியற்காலை நான்கு மணிக்கு இட்லிக் கொப்பரை அடுப்பில் ஏறும். கூலக்கடை பஜாரில் மூட்டை இறக்குபவர்களும், நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவந்த வண்டிக்காரர்களும், அதிகாலையில் கடை திறக்கும் பலசரக்குக் கடைப் பையன்களும் வந்து நடைப் படியில் அமர்ந்து சாப்பிடுவார்கள். காசில்லாதவர் கடன் சொல்லிவிட்டுப் போவார். சனிக்கிழமை கூலி வாங்கியதும் கொடுத்துவிடுவார். எழுதி வைத்த கணக்கு எதுவும் கிடையாது. அவர் எங்கே மூட்டை தூக்குகிறார் என்பது அம்மாவுக்குத் தெரியும், அம்மா எங்கே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். அம்மா வியாபாரம் முடிக்கும் வரை எங்கள் மூவரையும் எதிர்வீட்டு ஆச்சி தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பினார். ஒரு பெண் தனியாக நின்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த இட்லியால் மட்டுமன்று. அந்த இட்லி விற்ற இடத்தாலும், அந்த இடத்தில் கூட இருந்த ஆட்களாலும்தான்.

வளவின் சொந்தக்காரர் காலமான பிறகு அவருடைய பிள்ளைகள் நால்வரும் பாகம் பிரிக்க வழியில்லாமல் விற்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் மரியாதையாகவே பேசினார்கள், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மூன்று மாத அவகாசமும் தந்தார்கள். வாங்கியவர் இடித்துக் கட்டினார். கிணற்றை மூடித் தளம் போட்டு, அதன்மேல் இப்போது இரு சக்கர வாகனங்களை நிறுத்துகிறார்கள். அம்மா மாதம் 600 ரூபாய் வாடகை கொடுத்துவந்தார். அக்கம்பக்கத்துத் தெருக்களில் கேட்ட வாடகை அதைப்போல ஏழெட்டு மடங்கு. பேட்டையைத் தாண்டி, சுத்தமல்லி விலக்கு பக்கம் வீடு கிடைத்தது. அந்த வீட்டுக்குத் தனிக் கழிப்பறை உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு, மேலே கான்கிரீட் கூரை உண்டு. இட்லி வாங்கத்தான் ஆள் இல்லை.

2021-ஆம் ஆண்டிலிருந்து அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, வந்து விற்றுவிட்டுப் போகலாமே என்று எதிரணியில் ஒருவர் கேட்கக்கூடும். அது நல்ல திட்டம். எத்தனையோ பெண்களைத் தாங்கும் திட்டம். ஆனால் மாவு எங்கே புளிக்கும், அடுப்பு எங்கே எரியும்? கொதிக்கும் சாம்பாரைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏற முடியுமா? ஏறி வந்தாலும், எந்தக் கடையின் முன்னால் அமர்வது? வீடும் தொழிலும் ஒரே நடைக்குள் இருந்தபோது அம்மாவுக்கு இந்தக் கேள்விகள் எழவே இல்லை. நடந்துபோகும் தூரத்தில் அமைந்த பிழைப்பை ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் தூக்கி வைத்தால் அது அங்கே வேர் பிடிப்பதில்லை. என் தாயார் ஆறு மாதம் முயன்றார். பிறகு ஒரு திருமண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனார்.

நில மதிப்பு கூடியது எல்லோருக்கும் லாபம் என்ற வாதத்துக்கு வருகிறேன். பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அது லாபம். வாடகைக்கு இருந்தவருக்கு அதே உயர்வுதான் வெளியேறும் அறிவிப்பு. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்கக் கேட்கும் வழியாவது இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டின் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, வாடகையை இரு தரப்பும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் சொன்னது. பழைய சட்டத்தால் வீட்டுச் சொந்தக்காரர்கள் பட்ட பாட்டையும் நான் அறிவேன். மராமத்துச் செலவுக்கும் போதாத வாடகையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் வாய்ப்பேச்சிலேயே இரண்டு தலைமுறை குடியிருந்தவர்களிடம் எந்தக் காகிதம் இருக்கும்? இடித்துக் கட்ட வேண்டும் என்ற காரணமோ இரண்டு சட்டங்களிலும் குடியிருப்பவரை வெளியேற்றப் போதுமானது. கோவில் மனையில் வீடு கட்டி அடிமனை வாடகை கொடுப்பவர்கள் நிலைமையும் பெரிதாக வேறில்லை. அந்த வாடகையும் சந்தை மதிப்பை ஒட்டித்தான் ஏறுகிறது. தெரு அழகாக ஆக, அதே தெருவில் இருக்க அவர்கள் கொடுக்க வேண்டிய தொகையும் கூடுகிறது.

அண்ணாச்சியின் மூன்றாவது வாதமே கனமானது. அதற்கு நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பழைய தெருக்கள் சாதி பார்த்தே வீடு கொடுத்தன, அந்தச் சுவர் உடைந்தது நல்லதுதானே என்று கேட்டார். உடைந்திருந்தால் நானே முதலில் கைதட்டியிருப்பேன். எங்கள் வளவிலும் எல்லோருக்கும் வீடு கிடைத்ததில்லை. அதை மறைத்துப் பேசுவது பாவம். ஆனால் இன்று புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி என்ன? 'நீங்கள் சைவமா?' என்பதுதானே? அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கும் கேள்வி எது என்பது இந்த அவையில் தெரியாதவர் யார்? பழைய சுவர் அப்படியே இருக்க, அதன்மேல் பணத்தாலும் ஒரு சுவர் எழுந்திருக்கிறது. முன்பு சாதியால் உள்ளே வர முடியாதவர் இன்றும் வெளியே நிற்கிறார். முன்பு உள்ளே இருந்த ஏழை இன்று அவரோடு சேர்ந்து வெளியே நிற்கிறார். இதை விடுதலை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஊர் என்றால் மாறத்தானே செய்யும் என்பதற்குச் சுலோசன முதலியார் பாலத்தை எடுத்துக்காட்டினார்கள். நல்ல எடுத்துக்காட்டு. படகுக்குக் காத்துக்கிடந்த மக்களுக்காக ஒரு மனிதர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து, 1843-இல் தாமிரபரணியின் மேல் அமைந்த பாலம் அது. டவுன்காரரும் பாளைக்காரரும், செல்வரும் ஏழையும் அதன்மேல் நடந்தார்கள். நடப்பதற்காக எவரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. படகு ஓட்டிப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் நாம் கேட்டதே இல்லை. இன்றும் அதே பழக்கம்தான் தொடர்கிறது. 2017-இல் நம் மாநகரம் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்குத் தேர்வானது. அதன் கீழ் ஜங்ஷன் பஸ் நிலையம் 2018-இல் இடிக்கப்பட்டு, ஐந்தாண்டுகளுக்கும் மேலாகப் பஸ் நிற்காத இடமாகக் கிடந்தது. பயணிகளை நம்பிச் சுற்றிலும் சுக்குக் காப்பியும் பூவும் பழமும் விற்றவர்கள் அந்த ஆண்டுகளில் என்ன சாப்பிட்டார்கள் என்று திட்ட மதிப்பீட்டில் எந்த வரியும் எழுதப்படுவதில்லை. கட்டடத்துக்குத் தாமதம் ஆனால் ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்கலாம். பூக்காரியின் பசியை நீட்டிக்க முடியாது.

வழி இல்லாமல் இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், தெரு வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடத்தை வியாபாரிகளுக்கே கொடுக்கிறது. கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்காமல் எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. தெருவில் விற்பவருக்கு எழுத்திலாவது இப்படி ஒரு காப்பு உண்டு. வளவில் குடியிருப்பவருக்கு அதுவும் இல்லை. இடிப்பதற்கு முன்னால் குடியிருப்போரைக் கணக்கெடுங்கள், புதிய கட்டடத்தின் மேல்தளத்தில் பழைய குடிகளுக்கு, அவர்களால் கொடுக்க முடிந்த வாடகையில், நான்கு வீடாவது ஒதுக்கச் சொல்லுங்கள், அதற்கு ஈடாக உரிமையாளருக்கு வரியில் சலுகை கொடுங்கள். இதைச் செய்துவிட்டு எதிரணியினர் வந்தால், புதுப்பொலிவுக்காக நானும் அவர்களோடு சேர்ந்து பேசுவேன்.

ஆனித் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நெல்லையப்பர் தேர் ஏறத்தாழ 450 டன் எடை என்பார்கள். அதை இன்றும் மனிதக் கைகள்தான் வடம் பிடித்து இழுக்கின்றன. அந்தத் தேர் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் நம் முன்னோர் நான்கு வீதிகளையும் இவ்வளவு அகலமாக விட்டார்கள். அன்று வாசல்தோறும் பானகமும் நீர்மோரும் வைத்தவர்கள் அந்த வீதிக்காரர்களும் பின்முடுக்குக்காரர்களும். இந்த ஆண்டு என் தாயார் சுத்தமல்லியிலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் நடை இருந்த இடத்தில், இறக்கிவிடப்பட்ட ஒரு ஷட்டரின் முன்னால் தேர் பார்க்க நின்றார். காவலுக்கு இருந்த இளைஞர், மரியாதையாகத்தான், 'ஆச்சி எந்த ஊரு?' என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை என்று என் தங்கை சொன்னாள்.

அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி அன்பரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தமக்குத் தெரிந்த ஏதாவது ஒரு வளவை, இடிபட்டுப் புதிதாக எழும்பிய வளவை, எடுத்துக்கொள்ளட்டும். அங்கு வாடகைக்கு இருந்த குடும்பங்களில் எத்தனை இன்றும் டவுனில் இருக்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை இந்த மேடையில் சொல்லட்டும். எங்கள் எட்டு வீட்டு வளவில் நான் எண்ணிவிட்டேன். பேட்டைக்கு அப்பால் மூன்று வீட்டார், தச்சநல்லூர்ப் பக்கம் இரண்டு வீட்டார், திருப்பூருக்கு ஒரு வீட்டார். எதிர்வீட்டு ஆச்சி மகள் வீட்டில் இறந்துவிட்டார். டவுனில் இருப்பது ஒரே ஒரு குடும்பம், அதுவும் தெற்கு ரத வீதியில் ஒரு கடையின் பின்புறம், கிடங்குக்குக் காவலாக.

வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.