பெல் எங்கட வாசல்ல, வீடியோ ஆரிட்ட?

வணக்கம் நேயர்களே. வீட்டு வாசல்ல பூட்டுற வீடியோ டோர்பெல்லைப் பற்றி கதைக்கச் சொல்லித்தான் இண்டைக்கு என்னை நிலையத்துக்கு கூப்பிட்டவை. நான் லண்டன்ல கனகாலமா எலக்ட்ரிக் வேலை செய்யிறன், கடைசி ஏழெட்டு வருசமா கமராவும் டோர்பெல்லும் பூட்டுறதுதான் கூடுதலான வேலை. அண்மையில ஹரோ பக்கம் ஒரு வீட்டில நடந்ததைச் சொல்லித் தொடங்குறன், ஏனெண்டா இந்தப் பிரச்சினை என்னெண்டு எனக்கே முழுசா உறைச்சது அந்த வாசல்லதான்.

அந்த வீட்டில ஒரு அன்ரி, எழுபது தாண்டினவ, தனிய இருக்கிறா. பேத்தியின்ர சாமத்தியவீட்டுக்கு கட்ட எண்டு கனடாவில இருக்கிற மகள் ஒரு சீலை அனுப்பினவ. பார்சல் வாசல்ல வைச்சாச்சு எண்டு போனுக்கு மெசேஜ் வந்திருக்கு, அன்ரி மேல இருந்து இறங்கி வந்து கதவைத் திறந்தா ஒண்டுமில்ல. எனக்கு அடிச்சு, "தம்பி, களவு போட்டுது, ஆனா எடுத்தவன்ர முகம் பெல்லுக்குள்ள இருக்கும், வந்து எடுத்துத் தா அப்பன்" எண்டா. நான் போய் அவவின்ர போனை வாங்கி அப்பைத் திறந்தன். லைவ் நல்ல வடிவா வருது, முன்வீட்டுப் பூனை மதில்ல நடக்கிறதுகூட தெரியுது. பழைய வீடியோ இருக்கிற இடத்துக்குப் போனா ஒண்டுகூட இல்ல, வெறுமன. மாதாமாதம் காசு கட்டுங்கோ எண்டு ஒரு வரி மட்டும் நிக்குது.

பிறகுதான் விசயம் தெரிஞ்சது. மகன் பெல்லைப் பூட்டேக்க தன்ர பாங்க் காட்டைக் குடுத்து வைச்சிருக்கிறார், அந்தக் காட் காலாவதியாப் போச்சு, காசு எடுக்கேலாமப் போச்சு, கொம்பனி அனுப்பின ஈமெயில் எல்லாம் அவர் யூனிவர்சிட்டியில படிக்கேக்க பாவிச்ச, இப்ப திறந்தே பார்க்காத ஈமெயிலுக்குப் போயிருக்கு. இவ்வளவு நாளும் பெல் அடிச்சது, போன் டிங் எண்டது, தபால்காரரோட அன்ரி போனில கதைச்சவ, அதால எல்லாம் பதியுது எண்டு நம்பிக்கொண்டு இருந்திருக்கிறா. "பெல் அடிச்சதே தம்பி" எண்டு திரும்பத் திரும்பச் சொன்னா. எனக்கு அந்த முகத்தைப் பார்க்க ஏலாமப் போச்சு.

இப்ப இது எப்பிடி வேலை செய்யுது எண்டதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். ஆரும் வாசலுக்கு வந்தா கமரா அசைவைக் கண்டுபிடிக்கும், கண்டவுடன உங்கட வைஃபையால அந்தக் காட்சியை கொம்பனியின்ர சேர்வருக்கு அனுப்பும், அதைத்தான் கிளவுட் எண்டு சொல்லுறது. நீங்கள் நேற்றையான் வீடியோவைப் பார்க்கேக்க உங்கட பெல்லுக்குள்ள இருந்து பார்க்கேல்ல, எங்கயோ தூரத்தில இருக்கிற ஒரு கட்டிடத்தில இருந்து திருப்பி எடுத்துப் பார்க்கிறீங்கள். மாதக் காசு அந்த இடத்துக்கான வாடகை. வாடகை கட்டாட்டி பெல் அடிக்கும், லைவா பார்க்கலாம், ஆளோட கதைக்கலாம், ஆனா ஒண்டும் பதிஞ்சு வைக்காது. ரிங் பெல் அப்பிடித்தான். கூகிள் நெஸ்ட்டின்ர 2021, 2022 மொடல்கள் காசு கட்டாமலே கடைசி 3 மணித்தியாலத்தை வைச்சிருக்கும், அது பரவாயில்லை, ஆனா காலமை வேலைக்குப் போட்டு பின்னேரம் வாற ஆளுக்கு 3 மணித்தியாலம் எந்த மூலைக்குக் காணும் சொல்லுங்கோ.

வாடகை எப்பிடி ஏறினது எண்டு பாருங்கோ. ரிங் 2018ல அமேசன் வாங்கின கொம்பனி, இந்த நாட்டில எங்கட சனம் கனபேர் வைச்சிருக்கிறது இதைத்தான். ஒரு பெல்லுக்கு மட்டுமான அடிப்படைத் திட்டம் 2022 நடுப்பகுதி வரைக்கும் மாதம் 2.50 பவுண்ட், வருசத்துக்கு 24.99. அந்த வருசம் 3.49 ஆக்கினவை. 2024 மார்ச்சில 4.99, வருசத்துக்கெண்டா 49.99. அதாவது ரெண்டு வருசத்துக்குள்ள ரெண்டு மடங்கு. அதே பெல், அதே சுவர், அதே ரெண்டு ஸ்க்ரூ. அமெரிக்காவில இருக்கிற சொந்தக்காரரைக் கேட்டா நெஸ்ட் கதையும் இதேதான் எண்டு சொல்லுவினம், அங்க நெஸ்ட் அவெயர் எண்ட கூகிளின்ர பதியிற திட்டம் 2020ல வருசம் 60 டொலர், 2023ல 80, 2025ல 100. இப்ப நீங்களே கணக்குப் போடுங்கோ, நூறு பவுண்டுக்கு ஒரு பெல் வாங்கி வருசம் 50 பவுண்ட் கட்டினா அஞ்சு வருசத்தில வாடகை மட்டும் 250, பெல்லின்ர விலையைப் போல ரெண்டரை மடங்கு, அதுவும் இதுக்குப் பிறகு விலை ஏறாது எண்டு வைச்சுக்கொண்டு.

சேர்வர் நடத்த அவைக்கும் செலவு இருக்கு, அதை நான் மறுக்கேல்ல. கிளவுட்டில ஒரு உண்மையான நன்மையும் இருக்கு, கள்ளன் பெல்லையே கழட்டிக்கொண்டு போனாலும் கழட்டின காட்சி சேர்வர்ல நிக்கும். எனக்குக் கோவம் என்னத்தில எண்டா, பெட்டியின்ர முன்பக்கத்தில பெல்லின்ர விலை பெரிசா இருக்கு, பதிய வேணுமெண்டா மாதாமாதம் கட்ட வேணும் எண்டது கீழ பொடி எழுத்தில இருக்கு, முதல் 30 நாள் சும்மா குடுத்துப் பழக்கிப்போட்டு பிறகு கேட்கினம், சுவரில ஓட்டை போட்டு பூட்டினாப் பிறகு ஆர் கழட்டப் போறினம்? விலை ஏத்திற நேரம் அவைக்கும் அது தெரியும். பென்சன்ல சீவிக்கிற ஆக்களுக்கு இந்த அஞ்சு பவுண்ட், டிவிக்கு ஒரு பத்து பவுண்ட், போனுக்கு ஒரு ரெண்டு பவுண்ட் எண்டு பாங்கில இருந்து தன்பாட்டில போய்க்கொண்டிருக்கு. நான் போற வீடுகள்ல பாதிப்பேருக்கு அது போறதே தெரியாது.

சரி, வேற என்ன வழி எண்டு கேட்டா, வீடியோவை வீட்டுக்குள்ளயே வைக்கிற பெல்லுகள் இருக்கு. நான் கூடுதலாப் பூட்டுறது அதுதான் இப்ப. யூஃபி எண்ட கொம்பனியின்ர பெல்லுகள்ல சிலது தனக்குள்ளயே பதியும், ஈ340 எண்ட மொடலுக்குள்ள 8 ஜிபி இருக்கு, மற்றதுகள் வீட்டுக்குள்ள வைக்கிற ஒரு சின்னப் பெட்டியில பதியும். ஆனா இதை வாங்க முதல் ஒண்டு தெரிஞ்சிருக்க வேணும், எல்லாம் வீட்டுக்குள்ளதான் நிக்கும் எண்டு சொல்லி வித்த இந்தக் கொம்பனி, போனுக்கு வாற அறிவித்தல்ல காட்டுற சின்னப் படங்களை கிளவுட்டுக்கு அனுப்பிறதை 2022 நவம்பர்ல ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சவர். பிறகு அப்புக்குள்ள அதை விளக்கி எழுதினவை. மொத்தத்தில பெல் நல்லம், ஆனா படத்தோட வாற அறிவித்தலை நிப்பாட்டி எழுத்து மட்டும் வாற மாதிரி மாத்தி விடுங்கோ, நான் பூட்டுற எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான் செய்து குடுக்கிறனான்.

டேப்போ எண்ட கொம்பனியில டி230எஸ்1 எண்டு ஒரு பெல் வருது, பெல் வெளியில பற்றறியில ஓடும், உள்ளுக்கு ஹப் எண்டு ஒரு சின்னப் பெட்டி, அந்த ஹப்புக்குள்ள மெமரி காட் போடலாம், 512 ஜிபி வரைக்கும் எடுக்கும். காட் வீட்டுக்குள்ள இருக்கிறதால பெல்லைக் கழட்டிக்கொண்டு போனாலும் வீடியோ போகாது, கிளவுட்டில நான் சொன்ன அந்த நன்மை இதிலயும் இருக்கு. அன்ரிக்கு நான் இந்த மாதிரி ஒண்டைத்தான் பூட்டினன். ஹப்பை சாமி அறைக்குப் பக்கத்தில இருக்கிற பிளக்கில வைச்சு, காட்டைப் போட்டு, அப்பில ஃபோர்மட் பண்ணி, பிறகு அவவையே பேவ்மென்ட்டுக்கு அனுப்பி படலையைத் திறந்து நடந்து வரச் சொன்னன். உள்ள வந்து போனில தன்ர நடையைத் தானே பார்த்தா. "இது இப்ப எங்க இருக்கு?" எண்டு கேட்டா. நான் ஹப்பைத் தொட்டுக் காட்டினன். அவ கிட்டப்போய் அதைத் தடவிப் பார்த்திட்டு, தூசி படாம இருக்க வேணும் எண்டு பக்கத்தில இருந்த ஊதுபத்தித் தட்டை எடுத்து மற்றப் பக்கம் வைச்சா.

புதுசா வீடு திருத்துற ஆக்கள், சுவருக்குள்ள வயர் இழுக்கிற யோசனை இருந்தா ரியோலிங்க் எண்ட கொம்பனியின்ர பெல் நல்லது. அதில ஒரே நெட்வேர்க் கேபிளால கரண்டும் இன்டர்நெட்டும் சேர்ந்து போற மொடல் இருக்கு, வைஃபை விட்டு விட்டு வாற கரைச்சல் இல்ல, பற்றறி சார்ஜ் பண்ணிற வேலையும் இல்ல. பெல்லுக்குள்ளயே மெமரி காட் போடலாம், வேணுமெண்டா வீட்டுக்குள்ள ரெக்கோர்டர் வைச்சு அதோட சேர்க்கலாம். கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளையள் வீட்டில இருந்தா ஹோம் அசிஸ்டன்ட், ஃப்ரிகேட் எண்டு சும்மா கிடைக்கிற மென்பொருள் இருக்கு, பழைய கம்ப்யூட்டர் ஒண்டில போட்டு எல்லாத்தையும் தாங்களே நடத்தலாம், ஆனா அதைப் பராமரிக்க ஆள் வேணும், பிள்ளை யூனிவர்சிட்டிக்குப் போனாப் பிறகு அம்மா அப்பா என்ன செய்வினம் எண்டதையும் யோசிச்சுத்தான் அதில இறங்க வேணும்.

ஐபோன்காரருக்கு ஒரு நடுவழி இருக்கு. அகாரா ஜி4 போல, ஹோம்கிட் எண்ட ஆப்பிளின்ர வீட்டுச் சாதன முறையோட வேலை செய்யிற பெல் வாங்கினா வீடியோ உங்கட ஐகிளவுட்டுக்கு, அதாவது ஆப்பிளின்ர கிளவுட்டுக்குப் போகும். 50 ஜிபி திட்டம் இங்க மாதம் 99 பென்ஸ், அது ஒரு கமராவுக்குக் காணும், அந்த வீடியோ உங்கட 50 ஜிபியில இடம் பிடிக்கவும் மாட்டுது, 10 நாள் வைச்சிருக்கும். ஆனா வீட்டில ஆப்பிள் டிவிப் பெட்டியோ ஹோம்பொட் எண்ட ஆப்பிள் ஸ்பீக்கரோ ஒண்டு இருக்க வேணும், அது இல்லாம நடக்காது.

இன்னொண்டும் சொல்ல வேணும். சில வீட்டுக்கு பதியிறதே தேவையில்ல. நாள் முழுக்க ஆள் இருக்கிற வீடு, கதவடியில ஆர் நிக்கினம் எண்டு பார்த்தாக் காணும் எண்டா, இருக்கிற பெல்லிலயே திட்டத்தை நிப்பாட்டிப்போட்டு லைவோட விடுங்கோ. நிப்பாட்ட முதல் வேண்டிய வீடியோக்களை போனுக்கு இறக்கி வையுங்கோ, திட்டம் முடிஞ்சாப் பிறகு தேடினா இராது. தொடர்ந்து வைச்சிருக்கத்தான் வேணும் எண்டா மாதமாதம் கட்டாம வருசத்துக்கு கட்டுங்கோ, 2024 மார்ச் விலைப்படி ரிங் அடிப்படைத் திட்டத்தில மட்டும் அது வருசத்துக்கு கிட்டத்தட்ட 10 பவுண்ட் மிச்சம். வீட்டில ரெண்டு மூண்டு கமரா இருந்தா ஒவ்வொண்டுக்கும் தனித்தனியக் கட்டாதேங்கோ, வீடு முழுக்க ஒரே திட்டம் இருக்கு. தனித்தனிய கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை ஈஸ்ட்ஹாம்ல கண்டனான்.

காசுக்கு அப்பால இன்னொரு காரணமும் இருக்கு நான் வீட்டுக்குள்ள வைக்கிறதை விரும்புறதுக்கு. 2023 மே மாதம் எஃப்டிசி எண்ட அமெரிக்காவின்ர நுகர்வோர் பாதுகாப்பு அரச அமைப்பு, ரிங் கொம்பனியின்ர வேலையாக்கள் வாடிக்கையாளரின்ர அந்தரங்க வீடியோக்களைப் பார்க்கக்கூடிய மாதிரி விட்டிருந்தவை எண்டு குற்றம் சாட்டினது, ரிங் 5.8 மில்லியன் டொலர் கட்டுறதுக்கு ஒத்துக்கொண்டது. வீட்டுக் கமரா எண்டா படுக்கையறையில வைச்சவையும் இருக்கினம், விளங்கும்தானே. அதுக்குப் பிறகு நிறைய மாத்தியிருக்கினம், ஆனாலும் என்ர வீட்டு வாசல் என்ர வீட்டுக்குள்ளயே இருந்தா அந்தக் கவலையே இல்ல.

அதே நேரம் வீட்டுக்குள்ள வைக்கிறம் எண்டதால பக்கத்து வீட்டுக்காரரை மறக்கக் கூடாது. 2021 அக்டோபர்ல ஒக்ஸ்ஃபோர்ட் கவுண்டி கோர்ட்டில ஒரு தீர்ப்பு வந்தது, ஒருத்தர் பூட்டின டோர்பெல்லும் கமராவும் அயலவரின்ர இடத்தையும் பேச்சையும் பிடிச்சது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறு எண்டு. படத்தை விட தூரத்தில கதைக்கிறதைப் பதியிறதைத்தான் அந்த நீதிபதி பெரிய பிரச்சினையா எடுத்தவ. அதால பூட்டினவுடன அப்பில ப்ரைவசி ஸோன் எண்ட இடத்துக்குப் போய் பக்கத்து வீட்டு யன்னல், தோட்டம் வாற பக்கத்தை கறுப்பால மறையுங்கோ, சத்தம் பதியிறதை நிப்பாட்டி வையுங்கோ. அன்ரி வீட்டில பக்கத்து வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலால பார்த்துக்கொண்டு நிண்டவ, நான் போனைக் காட்டி உங்கட பக்கம் கறுப்பா இருக்கு பாருங்கோ எண்டன், அவவுக்கும் ஆறுதல். அண்டைக்கு களவு போன பார்சலைக் கொண்டு போனவன் தன்ர வாசலைக் கடந்துதான் போனவன் எண்டும், தான் கண்டனான் எண்டும் பிறகுதான் சொன்னவ.

வாடகை வீட்டில இருக்கிற ஆக்கள் சுவரில ஓட்டை போட முதல் வீட்டுக்காரரிட்ட கேளுங்கோ, ஃபிளாட் எண்டா பில்டிங் நிர்வாகத்திட்டயும்.

பாட்டு ஒண்டு போனாப் பிறகு உங்கட கேள்விகளை எடுக்கப் போறம். அழைக்கிற ஆக்கள் பெல்லின்ர மொடல் பெயரைக் கையில வைச்சுக்கொண்டு அடியுங்கோ, பெல்லுக்குப் பின்பக்கத்தில சின்ன ஸ்டிக்கர்ல இருக்கும், இல்லாட்டி அப்புக்குள்ள செட்டிங்ஸ்ல இருக்கும். அதோட போன வருசம் எந்தக் காட்டில இருந்து காசு போனது எண்டதையும் ஒருக்கா பார்த்திட்டு வாங்கோ.